எத்தனை சிசி என்பது கடைசிக் கேள்வி

வாசகியின் கடிதம்:

வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. இரண்டு பிள்ளைகள். சின்னவன் பால் மறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இருவருக்கும் பால் கொடுத்த பிறகு மார்பு வற்றி, மேல்பக்கம் காலியாகி, கீழே இறங்கிவிட்டது. உயரம் 156 செ.மீ., எடை 50 கிலோ. கூட வேலை செய்யும் தோழி தாய்லாந்தில் ஹாட்யாய் போய், மார்பைப் பெரிதாக்கும் சிலிக்கான் பை (இம்ப்ளான்ட்) 375 சிசியில் வைத்துக்கொண்டு வந்தாள். "சின்னதா வச்சா அப்புறம் வருத்தப்படுவே" என்கிறாள். கோலாலம்பூரில் ஓர் இடத்துக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். 400 சிசி வைத்தால் சி கப் வரும், இந்த மாதத்துக்குள் 500 ரிங்கிட் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டிவிட்டேன். என் சின்னம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, அதனால் பயமாகவும் இருக்கிறது. காது குத்திய இடத்தில் எனக்குத் தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறது. தை மாதம் தம்பி கல்யாணம். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதலும் உண்டு. தீபாவளி முடிந்ததும் செய்தால் அதற்குள் சரியாகிவிடுமா? கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கையெழுத்து வேண்டுமா? எனக்கு எத்தனை சிசி பொருந்தும்?

பிளாஸ்டிக் சர்ஜனின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோழியின் செருப்பு அளவைக் கேட்டுக்கொண்டு போய் உங்களுக்குச் செருப்பு வாங்கமாட்டீர்கள். 375 என்பது அவருடைய செருப்பு. அது அவருக்குப் பொருந்தியிருந்தால் மகிழ்ச்சி. உங்கள் விஷயத்தில் அந்த எண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை.

படத்தைப் பார்த்து 400 என்று சொன்ன இடத்தைப் பற்றி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. கையால் தொட்டுப் பார்க்காமல், அளவுநாடா வைக்காமல் சிசி சொல்வது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் பவர் சொல்வது மாதிரி. அந்த 500 ரிங்கிட்டைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும். போன பணத்தை மீட்பதற்காக உடம்பைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

சிசி என்பது கொள்ளளவு. ஒரு சிசி ஒரு மில்லிலிட்டர், அவ்வளவுதான். இம்ப்ளான்டின் அகலத்தையோ, அது முன்னால் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதையோ அந்த எண் சொல்லாது. ஒரு கரண்டி மாவைத் தோசைக்கல்லில் ஊற்றினால் அகலமாகப் பரவுகிறது. அதே கரண்டி மாவு இட்லிக்குழியில் குறுகி உப்புகிறது. இம்ப்ளான்டிலும் இந்தத் தோசை வகையும் இட்லி வகையும் உண்டு, நடுவில் ஊத்தப்பமும் உண்டு. கம்பெனிகள் இதைப் புரொஃபைல் என்று சொல்லும். 250 சிசி இம்ப்ளான்ட் தட்டையான வகையில் ஏறக்குறைய 12 செ.மீ. அகலம் வரும். கூம்பி நிற்கும் வகையில் அதே 250 சிசி 11 செ.மீ-க்குள் அடங்கிவிடும்.

அதனால் நாங்கள் முதலில் அளப்பது அகலத்தை. நெஞ்செலும்பின் ஓரத்தில் மார்பகம் தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் அது முடியும் இடம் வரை. இம்ப்ளான்டின் விட்டம் இந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும், அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதை மீறினால் ஒன்று கை மடக்கும்போதெல்லாம் அக்குளில் இடிக்கும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் நெருங்கி, இடையிலுள்ள பள்ளமே காணாமல் போகும். இரண்டு மார்பும் ஒட்டினாற்போல் ஆகிவிட்டால் அதைப் பிரித்துச் சரிசெய்வது எங்கள் தொழிலில் மிகத் தொல்லையான வேலைகளில் ஒன்று.

அடுத்தது கிள்ளிப் பார்ப்பது. மார்பின் மேல்பாகத்தில் தோலையும் கொழுப்பையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துக் கனத்தை அளப்போம். 2 செ.மீ-க்குக் குறைவாக இருந்தால், இம்ப்ளான்டின் மேல்பகுதியையாவது மார்புத் தசைக்கு அடியில் வைப்பதே வழக்கம். போர்வை மெல்லியதாக இருந்தால் உள்ளே இருப்பதன் விளிம்பும் மடிப்பும் வெளியே தெரியும். தசைக்கு அடியில் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு: கையை அழுத்தி ஊன்றும்போது மார்பு அசைந்து ஒரு பக்கம் இழுபடும். பிறகு காம்பிலிருந்து கீழ்மடிப்பு வரை உள்ள தூரத்தைத் தோலை இழுத்துப் பிடித்து அளப்போம். தோல் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதையும் பார்ப்போம். அமெரிக்க சர்ஜன் ஜான் டெபெட்ஸ் 2005-ல் இதை ஐந்து அளவு, ஐந்து முடிவு என்று ஒழுங்குபடுத்தி எழுதினார். எல்லோரும் அவர் முறையை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனால் ஆசையைக் கேட்டுக்கொண்டு, முடிவை அளவுநாடாவிடம் விடுவது என்ற ஒழுங்கு அதிலிருந்து நிறையப் பேருக்கு வந்தது.

உங்கள் உயரம் எடையைப் படித்ததும் என் மனம் தானாக ஒரு கணக்குப் போட்டது, மறைக்கவில்லை. இந்த உடல்வாகில் மார்பகத்தின் அகலம் பெரும்பாலும் 11 முதல் 12 செ.மீ. இருக்கும். அதற்குள் அடங்கும் நடுத்தர வகை இம்ப்ளான்ட் என்றால் 200-லிருந்து 275 சிசி வரை. 400 சிசி நடுத்தர வகையில் 13 செ.மீ-ஐத் தொட்டுவிடும். உங்கள் நெஞ்சில் அதற்கு இடமே இல்லை. இட்லி வகையில் எடுத்துத் திணிக்கலாம்தான். ஆனால் பால் கொடுத்து நெகிழ்ந்த தோலில் 400 கிராம் எடை இரவும் பகலும் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். சிலிக்கான் ஜெல்லின் எடை கிட்டத்தட்டத் தண்ணீரின் எடைதான். இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் கிலோவைத் தாண்டும். வருடங்கள் போகப் போகத் தோல் மெலியும், உள்ளே இருக்கும் உங்கள் சொந்தத் திசுவும் நசுங்கி வற்றும், இம்ப்ளான்ட் கீழ்மடிப்பைத் தாண்டி இறங்கும், காம்பு மேலே பார்க்கும். காம்பில் உணர்ச்சி குறையவும் வாய்ப்பு அதிகம். இம்ப்ளான்டை எடுத்துவிடலாம். மெலிந்த தோலைப் பழையபடி ஆக்க முடியாது.

என்னிடம் ஒரு பெண் வந்தார். நான் சொன்ன 260 அவருக்குப் பிடிக்கவில்லை. வேறிடத்தில் 450 வைத்துக்கொண்டார். நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குப்புறப் படுக்கணும் டாக்டர்." அதை எடுத்துச் சின்னதாக மாற்றி, மிஞ்சிய தோலை வெட்டித் தூக்கித் தைத்தோம். முதலிலேயே மடிப்பில் மறையும் சின்னத் தழும்போடு முடிந்திருக்க வேண்டியது, கடைசியில் காம்பைச் சுற்றியும் கீழேயும் தழும்போடு முடிந்தது. தோழி சொல்கிற மாதிரி, இன்னும் பெரிதாக வைத்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வருத்தம் மனசோடு போய்விடும். பெரிதாக வைத்துவிட்ட வருத்தம் ஆபரேஷன் மேசைக்குத்தான் போகும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான சொல் சிசி அல்ல, "கீழே இறங்கிவிட்டது". வற்றிப்போவது வேறு, இறங்கிப்போவது வேறு. இம்ப்ளான்ட் நிரப்பும், தூக்காது. கண்ணாடி முன்னால் பிரா இல்லாமல் நேராக நின்று, பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். காம்பு மார்பின் கீழ்மடிப்புக்கு மேலே இருக்கிறதா, அதே மட்டத்திலா, கீழேயா? மேலே இருந்தால் அளவான இம்ப்ளான்ட் மட்டும் போதும். கீழே இறங்கியிருந்தால் தோலைக் குறைத்துத் தூக்கும் ஆபரேஷன் தேவை, சில நேரம் அது மட்டுமே போதும். தூக்கவேண்டிய மார்பைப் பெரிய இம்ப்ளான்ட் போட்டு நிரப்பிச் சமாளிப்பதுதான் 400 என்ற எண் பிறக்கும் வழக்கமான வழி. துவண்ட தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டே போவது மாதிரி.

மூன்றாவது குழந்தை எண்ணம் இருந்தால் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். இன்னொரு கர்ப்பம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பால் மறந்து ஒரு வருடம் ஆகியிருப்பது நல்லதுதான், ஆறு மாதமாவது போகவேண்டும் என்பது என் கணக்கு.

காதுத் தழும்பைப் பற்றி எழுதியது புத்திசாலித்தனம். நம் நிறத்தோலில் தழும்பு தடிப்பது அதிகம், கெலாய்டு என்ற வளரும் தழும்பும் அதிகம். நெஞ்சுப் பகுதி அதற்குப் பேர்போன இடம். அதனால் வெட்டு எங்கே என்பது உங்களுக்குச் சிசியைவிடப் பெரிய விஷயம். கீழ்மடிப்பில் நாலைந்து செ.மீ. வெட்டி வைப்பதே பொதுவாக எனக்குப் பிடித்த வழி. மடிப்பில் மறைந்துகொள்ளும், பால் சுரப்பிகளையும் தொடவேண்டியதில்லை. தூக்கித் தைக்கும் ஆபரேஷன் என்றால் தழும்பு நீளம், ஆகவே கெலாய்டு பற்றி சர்ஜனிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். காதைத் திறந்து காட்டுங்கள், கூச்சம் வேண்டாம்.

அளவு எப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலேயே பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. நைலான் காலுறை ஒன்றில் அளவுக் கோப்பையால் 250 மில்லிலிட்டர் அரிசியை அளந்து போட்டு முடிச்சுப் போடுங்கள். இப்படி இரண்டு. கம்பியில்லாத ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்து, மேலே நீங்கள் வழக்கமாகப் போடும் பனியனோ குர்தாவோ போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போட்டுக்கொண்டு சமையுங்கள், சின்னவனைத் தூக்குங்கள், துணி காயப்போடுங்கள், ஒருக்களித்துப் படுங்கள். அடுத்த வாரம் 350. அரிசி சிலிக்கானைவிடக் கொஞ்சம் எடை குறைவு, அதையும் நினைவில் வையுங்கள். வெளியே வைத்துப் பார்ப்பதும் தோலுக்கு அடியில் இருப்பதும் அச்சாக ஒன்றாக இருக்காது. ஆனாலும் ஆசைக்கும் அன்றாடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை அரிசிமூட்டை சொல்கிற அளவுக்கு எந்தக் கம்ப்யூட்டர் படமும் சொல்வதில்லை.

சி கப் வரும் என்று உறுதி சொன்னவரை நம்பாதீர்கள். கப் என்பது கீழே கட்டும் பட்டையின் சுற்றளவோடு சேர்ந்துதான் அளவு. 32 சி-யும் 36 சி-யும் ஒரே கொள்ளளவு அல்ல. ஒரு கம்பெனியின் பி இன்னொன்றில் சி. சர்ஜனிடம் போகும்போது எழுத்தைச் சொல்லாமல் படம் கொண்டுபோங்கள், உங்கள் உடல்வாகுள்ள பெண்களின் படமாக. பிடித்ததைவிட "இப்படி வேண்டவே வேண்டாம்" என்று தோன்றும் படங்கள் எங்களுக்கு அதிகம் உதவும்.

புற்றுநோய்க்கு வருகிறேன். சாதாரண மார்பகப் புற்றுநோய் இம்ப்ளான்டால் அதிகமாவதில்லை. வேறொன்று இருக்கிறது: இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு உண்டாக்கும் தழும்பு உறையில் வரும் ஒருவகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். அரிது, ஆனால் உண்மை. பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்டுகளோடு தொடர்புடையது. இதனால் பிரான்ஸ் 2019 ஏப்ரலில் சில சொரசொரப்பு வகைகளைத் தடை செய்தது. அதே வருடம் ஜூலையில் அலெர்கான் கம்பெனி தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எனவே மேற்பரப்பு வழவழப்பா என்று நேராகக் கேளுங்கள். எந்த வகையாக இருந்தாலும், வருடங்கள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே காட்டவேண்டும்.

சின்னம்மாவுக்கு 41-ல் வந்ததை இந்த ஆபரேஷனுக்காக மட்டும் பார்க்காதீர்கள். மலேசியப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான். முதலில் மார்பக சர்ஜன் ஒருவரைப் பார்த்து, பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் முடியுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு, எந்த வயதில் என்று அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். சினைப்பைப் (ஓவரி) புற்றுநோயும் அதில் சேர்த்தி. மரபணுச் சோதனை தேவையா என்று அவர் சொல்லட்டும். இம்ப்ளான்ட் வைத்த பிறகும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கலாம். படம் எடுப்பவரிடம் முன்பே சொன்னால் இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளிக் கூடுதல் கோணங்களில் எடுப்பார். ஆனாலும் கொஞ்சம் திசு மறையத்தான் செய்யும். குடும்ப வரலாறு உள்ளவர் இதைத் தெரிந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

வைத்தால் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பத்து வருடத்தில் கட்டாயம் மாற்றவேண்டும் என்பதும் சரியல்ல. நாள் ஆக ஆக, உறை கிழிவதற்கும், சுற்றியுள்ள தழும்பு இறுகி மார்பு கல்லாவதற்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு 34. வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷனாவது வரும் என்று கணக்கு வைத்துப் பணமும் ஒதுக்குங்கள். ஜெல் வகையில் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஐந்தாறு வருடத்தில் முதல் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை.

யாரிடம் செய்வது? பிளாஸ்டிக் சர்ஜனிடம், உரிமம் பெற்ற மருத்துவமனையில். அழகு நிலையத்திலோ, மாடிக் கிளினிக்கிலோ வேண்டாம். சர்ஜனின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம், அதில் எந்தத் துறை என்றும் இருக்கும். ஊசியாலேயே மார்பைப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மார்பில் குத்திய ஜெல்லும் திரவ சிலிக்கானும் திசுவோடு கலந்து கட்டி கட்டியாகும். அதை முழுதாக எடுக்கமுடியாமல் மார்பையே எடுத்த கதைகள் உண்டு.

ஹாட்யாய் சர்ஜன்களைக் குறை சொல்லமாட்டேன், கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என் கவலை வேன் பயணம். இரத்தம் கட்டுவது முதல் ஓரிரு நாளில், கிருமித்தொற்று முதல் சில வாரங்களில். அந்த நேரத்தில் நீங்கள் பட்டர்வொர்த்தில், வெட்டியவர் எல்லைக்கு அந்தப் பக்கம். வேறொருவர் வேலையின் நடுவில் புகுந்து சரிசெய்வது யாருக்கும் சுலபமல்ல.

எங்கே செய்தாலும் இம்ப்ளான்ட் அட்டையைக் கேட்டு வாங்குங்கள்: கம்பெனி, வகை, அளவு, லாட் எண், வரிசை எண். இங்கே வைக்கப்படும் இம்ப்ளான்ட் 2012-ம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி பதிவானதாக இருக்கவேண்டும். 2010-ல் பிஐபி என்ற பிரெஞ்சுக் கம்பெனி தொழிற்சாலைத் தர சிலிக்கானை இம்ப்ளான்டில் நிரப்பி விற்றது வெளியே வந்தபோது, தன் உடம்புக்குள் இருப்பது எந்தக் கம்பெனி என்று தெரியாமல் தவித்த பெண்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அட்டையை நகைப்பெட்டியில் வையுங்கள், படமெடுத்துக் கைத்தொலைபேசியிலும் வையுங்கள்.

கணவர் கையெழுத்து தேவையில்லை. உங்கள் உடம்பு, உங்கள் கையெழுத்து. ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் உங்களால் சின்னவனைத் தூக்க முடியாது, தலைவாரக்கூடச் சிரமம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் அந்த வாரத்தை எப்படிக் கடத்துவீர்கள்? சம்மதம் கேட்கச் சொல்லவில்லை, சொல்லிவிடச் சொல்கிறேன்.

தேதி. தீபாவளிக்கும் தைக்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மாதம். வீக்கம் வடிந்து இம்ப்ளான்ட் இறங்கி உருவம் நிலைக்க மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். கல்யாண ரவிக்கையை முன்பே தைத்தால் சேராது, பின்பு தைக்கலாம் என்றால் தை மாதத்தில் லிட்டில் இந்தியாவில் எந்தத் தையல்காரர் கை ஓய்ந்திருப்பார்? ஆறு வாரம் வரை பாரம் தூக்கக்கூடாது, கையைத் தலைக்குமேல் நெடுநேரம் வைக்கக்கூடாது. பால்குடத்துக்கு இரண்டும் வேண்டும், தண்ணீர்மலையில் 513 படியும் ஏறவேண்டும். விரதமிருந்து உடம்பு இளைத்திருக்கும் நேரம் வேறு. ஆறிக்கொண்டிருக்கும் காயத்துக்குப் புரதம் வேண்டும்.

நான் உங்கள் சர்ஜனாக இருந்தால் இப்படி வரிசைப்படுத்துவேன்: இந்த மாதம் மார்பக சர்ஜன், அல்ட்ராசவுண்ட். தீபாவளிக்குள் இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் தனித்தனியாக அளவெடுத்து, இருவர் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இருவரின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி. வராவிட்டால் ஏன் என்று இருவரிடமும் கேளுங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே ஆளை எடைபோட்டுவிடலாம். ஆபரேஷனை மாசி பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். இரண்டு வாரம் முன்பே ஜாமு என்ற மூலிகை மருந்து, மீனெண்ணெய், பூண்டு மாத்திரை எதுவானாலும் நிறுத்தவேண்டும், அவை இரத்தம் உறைவதைத் தடுக்கும். சாப்பிடும் மருந்து அத்தனையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இந்தத் தைக்குத் தம்பி கல்யாணத்தில் உங்களுக்குப் பிடித்த பட்டுக்கு ரவிக்கையில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பால்குடத்தை இந்த உடம்போடேயே எடுத்துவிட்டு வாருங்கள்.